துடக்குக்காரருக்குத் திறந்த வாசல்

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் வீட்டிலிருந்து ஆற்றங்கரை வரை நடந்து திரும்பினால் வழியில் பதினொரு புத்தர்களைக் காணலாம். முழுப் புத்தர் இரண்டு. மிச்சம் ஒன்பதும் வெறும் தலைகள். ஒன்று குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றின் உச்சியில் கோடை முழுவதும் பூச்சட்டி வைத்திருந்தார்கள். இன்னொன்று ஒரு குளியலறை யன்னலில், கழிப்பறைத் தாள் சுருளுக்கு அருகில், கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. பூங்கன்று விற்கும் கடைகளில் சீமெந்துத் தவளைக்கும் சிவப்புத் தொப்பிக் குள்ளனுக்கும் நடுவில் அடுக்கி விற்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவரும் ஒரு தலையை வாங்கி, எங்கள் வேலியைப் பார்க்கும்படி வைத்தார். ஏன் என்று கேட்டேன். பார்த்தால் மனதுக்கு அமைதியாக இருக்கிறதாம்.

எனக்கு அமைதியாக இல்லை. காரணத்தை அவருக்கு விளக்கப்போனால் இரண்டு கோப்பி குடித்து முடிக்கும் நேரம் பிடிக்கும். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில், ஊரில் எங்கள் வீட்டிலிருந்து அரை மைல் தூரத்தில் ஒரு படைமுகாம் இருந்தது. அதன் வாசலில் ஒரு அரசமரம். மரத்தின் கீழ் தகரக் கூரை போட்டுப் புதிதாக ஒரு புத்தர் சிலை வைத்திருந்தார்கள். என் அண்ணனை விசாரணை என்று அந்த வாசலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் நாட்டை விட்டு வெளிக்கிடும் வரை தினமும் அங்கே போய் நின்றேன். பொறு என்றார்கள், நாளைக்கு வா என்றார்கள், அப்படி ஒருவரை நாங்கள் கூட்டிவரவில்லை என்றும் சொன்னார்கள். சிலைக்கு ஒவ்வொரு நாளும் புதுப் பூ வந்தது. எனக்குப் பதில் வரவில்லை. அண்ணன் இன்றுவரை வரவில்லை. அன்றிலிருந்து புத்தர் இருக்கும் எந்தக் கட்டடத்துக்குள்ளும் நான் கால் வைப்பதில்லை. நான் நில அளவைப் பகுதியில் வரைபடம் கீறியவன். எல்லை என்று ஒரு கோடு போட்டால் அதை அழிக்கத் தெரியாது.

இப்படிப்பட்ட என்னைத்தான் என் மனைவி இமயமலையில் ஒரு கிராமத்துப் புத்த மடத்துக்கு வரச் சொன்னாள்.

அவளுடைய ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. இருபத்திரண்டு வருடங்கள் அவள் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அங்கே ஆறு வருடங்கள் ஒரு டெனிஷ் மூதாட்டியைப் பராமரித்தாள். இளவயதில் எங்கெல்லாமோ நடந்து திரிந்த பள்ளிக்கூட ஆசிரியை அவர். படுக்கைக்கு நேரே சுவரில் அந்த மடத்தின் படத்தை மாட்டியிருந்தார். மொட்டை மலை, அதன் விளிம்பில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு கட்டடம். உள்ளே சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பெண் தெய்வம் தீட்டியிருக்கிறதாம். மற்றத் தெய்வங்கள் எல்லாம் காலை மடக்கி உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் வலது காலை வெளியே நீட்டி வைத்திருப்பாளாம், கூப்பிட்டால் எழுந்து வருவதற்கு ஆயத்தமாக. காலையில் என் மனைவி அந்த மூதாட்டியை எழுப்பும்போது முதலில் அவருடைய ஒரு காலைத்தான் கட்டிலுக்கு வெளியே எடுத்து வைப்பாள். அப்போது அவர், "பார், நானும் அந்தப் பச்சை அம்மாவைப் போல" என்று சிரிப்பாராம். ஆறு வருடம் ஒரே பகிடி. அவர் இறந்த பிறகும் மனைவிக்கு அந்தக் கால் மறக்கவில்லை. ஓய்வுபெற்றதும் சொன்னாள்:

"எனக்கு ஒரு நகை வேண்டாம், கனடா வேண்டாம். அந்தக் காலை ஒருக்காப் பாக்கோணும்."

"படத்திலை பாருமன்."

"அதுக்குள்ளை படம் எடுக்க விடமாட்டினமாம். நேரை போய்த்தான் பாக்கலாம்."

அவளுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. மகள் தானும் வருகிறேன் என்று லீவு போட்டாள். நான் மாட்டேன் என்றேன். பிறகு, வாசல் வரை வருவேன், அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கமாட்டேன் என்றேன். மனைவி ஓம் என்றுவிட்டாள். அவள் அவ்வளவு சுலபமாக ஓம் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை.

பயணத்துக்கு முன், நாங்கள் சேர்ந்து போகும் சுற்றுலாக் குழுவுக்கு நூலக மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பதினைந்து பேர், ஒரு கேக், மூன்று போத்தல் கோப்பி. துண்டுப்பிரசுரத்தில் அமைதி என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எங்கே பிறந்தேன் என்று கேட்டார். இலங்கை என்றேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியென்றால் நீங்கள் பௌத்தர்! எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லலாமே!"

இந்த நாட்டுக்கு வந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. இதே கேள்விக்குத் தொழிற்சாலையில் பதில் சொன்னேன், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் சொன்னேன், பல் வைத்தியர் வாய்க்குள் குழாயை வைத்துக்கொண்டு கேட்டபோதும் சொல்ல முயன்றேன். அன்றைக்குச் சொல்லவில்லை. "கேக் நல்லாயிருக்கிறது" என்றேன். மகள் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினாள்.

பயணத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. விமானம் இரண்டு, பிறகு நாட்கணக்கில் ஜீப். பாதை ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. டெனிஷ்காரர் வழி முழுவதும் சேர்ந்து பாடிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கிராமத்தில் முப்பத்தெட்டு வீடுகள் எண்ணினேன். மரம் என்று சொல்லக்கூடியவை அப்ரிகொட் மரங்கள் மட்டும். மடம் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது என்றார்கள். எங்கள் விடுதி யன்னலால் பார்த்தால் மேலே தெரிந்தது. அந்தப் படத்தில் இருந்த அதே கட்டடம். மனைவி அதைப் பார்த்துக்கொண்டே சீப்பால் தலை இழுத்தாள். அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் மகளின் கலியாணத்தில்கூடக் காணவில்லை.

அடுத்த நாள் திங்கட்கிழமை காலை ஒரு மரணச் செய்தி வந்தது. குடிதண்ணீர்க் குழாய் உறைந்துபோகிற ஊரில் தொலைபேசி மட்டும் நன்றாக வேலை செய்தது. எங்கள் சொந்தக்காரரின் வட்சப் குழுவில் ஒருவரல்ல, பத்தொன்பது பேர் எழுதியிருந்தார்கள். ரொறன்ரோவில் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மோசம்போய்விட்டார். அதோடு என் சித்தப்பாவின் மகன் அங்கேயிருந்து தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, உங்களுக்கும் துடக்கு இருக்கு. முப்பத்தொண்டு வரைக்கும் கோயில் குளம் போகாதேங்கோ. இப்ப எங்கை நிக்கிறியள்?"

"மலையிலை."

"என்ன மலை?"

"பெரிய மலை. வை போனை."

மகள் டெனிஷில் கேட்டாள், இறந்தவர் எங்களுக்கு யார் என்று. அப்பாவின் பெரியப்பாவுக்கு ஒரு மகன், அந்த மகனின் பேரன் என்றேன். விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "நீங்கள் அவரைச் சந்தித்திருக்கிறீர்களா?" என்றாள். இல்லை. "கதைத்திருக்கிறீர்களா?" இல்லை. "பிறகு?" என்றாள். பிறகு என்ன, உரித்துக்காரன். ஒரே ஆண்வழி. கண்டதோ கதைத்ததோ கணக்கில் வராது. செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள் எனக்கும் உண்டு, என் மனைவிக்கும் உண்டு. இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் எரிச்சல். உயிரோடு இருந்தபோது ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்பாதவன், என் மனைவி ஆயுள் முழுக்க ஆசைப்பட்ட வாசலில் வந்து குறுக்கே படுத்துக்கொண்டான்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து கொண்டைக்குக் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள். "சரி. நான் போகேல்லை" என்றாள்.

"என்ன விசர்க் கதை! இவ்வளவு தூரம் வந்திட்டு?"

"துடக்கோடை சாமி இருக்கிற இடத்துக்குப் போறதே?"

"அது கோயில் இல்லை. விகாரை. துடக்கெல்லாம் எங்கடை கோயிலுக்கு."

"விளக்கு வைக்கினமோ?"

"வைப்பினம்."

"அம்மன் இருக்கிறாவோ?"

"பச்சைப் பெயின்ரிலை ஒரு பொம்பிளை இருக்கிறா."

"அப்ப கோயில்தான். சும்மா இருங்கோ."

"டென்மார்க் பாஸ்போட்டோடை வந்த ஆக்களுக்கு இமயமலையிலை என்ன துடக்கு?"

"துடக்கு பாஸ்போட் பாக்கிறேல்லை."

நான் விடவில்லை. கோயிலே இல்லாத இடத்துக்குப் போகாமல் இருப்பது மூடத்தனம் என்று கத்தினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அது கோயில் இல்லையெண்டால் நீங்கள் ஏன் வாசலுக்கு அங்காலை வரமாட்டன் எண்டு நிக்கிறியள்? வெறும் கட்டடத்துக்கை போறதுக்கு என்ன?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

என் மனைவி மூடத்தனமானவள் என்று யாரும் நினைக்கக்கூடாது. முதியோர் இல்லத்தில் யாராவது இறந்தால் உடலைக் கழுவி உடுப்பு மாற்றுவது பெரும்பாலும் அவள்தான். இளம் பிள்ளைகள் பயந்து ஒதுங்குவார்கள். இவள் அவர்களுடைய தலையை வாரி, கையை ஒழுங்காக வைத்து, யன்னலைத் திறந்துவிட்டு வருவாள். அப்படியான நாட்களில் வீட்டுக்கு வந்ததும் எதையும் தொடமாட்டாள். நேரே குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்ப்பாள். நான் கதவுக்கு வெளியே துவாயோடு நிற்பேன். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணீர், அதற்குப் பிறகுதான் கதை. டென்மார்க் பனியிலும் அப்படித்தான். அந்த ஒழுங்குதான் அவளை இருபத்திரண்டு வருடம் அந்த வேலையில் நிற்கவைத்தது என்று நினைக்கிறேன். அதை ஒரு நாளைக்காக உடைக்கச் சொல்லி நான் கத்தியிருக்கக்கூடாதோ என்னவோ. ஆனால் கத்தினேன். திங்கள் முழுவதும் கத்தினேன்.

செவ்வாய்க்கிழமை மடத்துக்குப் போகும் நாள். வாசல் வரையாவது வாரும் என்று நான் சொல்ல, வெளியே நிற்பதில் தவறில்லை என்று அவளும் வந்தாள். மகள் உள்ளே போகலாமா என்று கேட்டாள்.

"உனக்குத் துடக்கில்லை. நீ வேறை வீட்டுக்குக் கலியாணம் முடிச்சுப் போனனி" என்றாள் மனைவி.

அந்த வேறை வீடு ஸ்கீவவில் இருக்கும் ஒரு டெனிஷ் குடும்பம். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியென்றால் நான் உங்கள் குடும்பம் இல்லையா என்று டெனிஷில் கேட்டாள். இந்தக் கேள்விக்கு அந்த உயரத்தில் பதில் சொல்ல எனக்கு மூச்சுப் போதவில்லை. கோபத்தோடேயே பன்னிரண்டு டெனிஷ்காரருக்குப் பின்னால் அவள் உள்ளே போனாள்.

வாசல் மிகச் சிறியது. குனியாமல் யாரும் போகமுடியாது. அதற்கு முன்னால் கல் பாவிய முற்றம், ஓரத்தில் ஒரு குட்டிச் சுவர். அந்தச் சுவரில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். அவள் துடக்குக்காக வெளியே, நான் என் அண்ணனுக்காக வெளியே. இரண்டு பேருக்கும் முன்னால் பதின்மூன்று சோடிச் சப்பாத்து. ஊதுபத்தி போல ஏதோ புகை மணத்தது. அவள் காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் துண்டுப்பிரசுரத்தை எடுத்து, பன்னிரண்டாம் நாள் என்று போட்டிருந்ததைப் பதின்மூன்று என்று பேனையால் திருத்தினேன். அவர்கள் கணக்கில் விமானத்தில் போன நாளை விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே போனவர்கள் எல்லோரும் திரும்பி வெளியே வந்தார்கள். முகங்கள் நன்றாக இல்லை. நூலகத்தில் என்னைப் பௌத்தர் ஆக்கிய மனிதர், "இவ்வளவு தூரம் வந்ததற்கு இதுதான் மரியாதையா!" என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைத் தேடினார். எனக்கு அந்த ஒரு விடயத்தில் அவரோடு உடன்பாடு.

குழுத் தலைவி உயரமான டெனிஷ் பெண். அந்தப் பக்கத்துக்குப் பலமுறை வந்தவர். மனைவி அவரிடம் என்ன நடந்தது என்று கேட்டாள்.

"ஒரு குடும்பம் வருகிறது. அவர்கள் வீட்டில் ஒரு மரணம். அவர்கள் வந்தால் பார்வையாளர்கள் வெளியே போகவேண்டும். மண்டபம் அவர்களுக்கு."

கீழே படிகளில் ஐந்து பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், இரண்டு கையிலும் வெண்ணெய் டின். பின்னால் ஒரு கிழவர், தோளில் மாவு மூட்டை. யாரும் அழவில்லை. மூச்சு வாங்க ஏறினார்கள்.

"ஆர் செத்தது?" என்று மனைவி என்னிடம் தமிழில் கேட்டாள், எனக்குத் தெரியும் என்பதுபோல. பிறகு தலைவியிடம் டெனிஷில் கேட்டாள்.

"அந்தப் பெண்ணின் கணவர். ஏழு வாரத்துக்கு, வாரம் ஒரு தடவை வந்து விளக்கு வைப்பார்கள். பிக்குகள் இறந்தவரின் பெயரைச் சொல்லி வாசிப்பார்கள்."

"செத்தவீடு நடந்த வீட்டு ஆட்கள், சாமி இருக்கிற இடத்துக்குள் போகலாமா?"

தலைவிக்குக் கேள்வி விளங்கவில்லை. மனைவி இரண்டாம் தரம் மெதுவாகக் கேட்டாள். தலைவி சொன்னார்:

"அவர்கள் வேறு எங்கே போவார்கள்?"

மனைவி சுவரிலிருந்து எழும்பினாள். முழங்காலைப் பிடிக்காமல் எழும்பினாள், அதைக் கவனித்தேன். சேலைத் தலைப்பை இழுத்துக் குளிரங்கிக்கு மேலால் போர்த்திக்கொண்டாள்.

"எங்கள் வீட்டிலும் ஒரு மரணம். ஞாயிற்றுக்கிழமை. நானும் வரலாமா என்று அவர்களைக் கேளுங்கள்."

தலைவி உள்ளூர் வழிகாட்டியைக் கூப்பிட்டார். அவர் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னார். அவள் என் மனைவியை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். சிரிக்கவில்லை. இரண்டு டின்னில் ஒன்றை நீட்டினாள், தூக்கிக்கொள் என்று. மனைவி வாங்கிக்கொண்டாள்.

நான் சொன்னேன்: "இரண்டு நாளா நான் போம் போம் எண்டு சொல்லேக்கை கேக்கேல்லை!"

"நீங்கள் துடக்கில்லை எண்டு சொன்னியள். இவை துடக்கெண்டபடியால் வா எண்டினம்."

வழிகாட்டி ஏதோ கேட்டார். தலைவி மொழிபெயர்த்தார். இறந்தவரின் பெயர் வேண்டுமாம். மனைவி என்னிடம் திரும்பினாள்.

"அவற்றை பேரென்ன?"

எனக்குத் தெரியவில்லை. எண்ணிப் பாருங்கள், பத்தொன்பது பேர் எழுதினார்கள், ஒருவரும் பெயரை எழுதவில்லை. வீட்டுக் காணிப் பெயரை வைத்து மேலைவளவுப் பேரன் என்று எழுதியிருந்தார்கள். வட்சப் குழுவில் அவனுடைய இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் படம் இருந்தது. மகள் தொலைபேசியை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். விடுதியில் பெருக்கெடுத்து ஓடிய சிக்னல் அங்கே ஒரு கோடுகூட இல்லை. எத்தனை தலைமுறைக்கு அப்பால், எத்தனை நாள் துடக்கு எல்லாம் தெரிந்த எனக்கு ஆளின் பெயர் தெரியாது.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சப்பாத்தைக் கழற்றி என் காலடியில் வைத்தாள். குனிந்து, வெண்ணெய் டின்னோடு, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் உள்ளே போய்விட்டாள்.

டெனிஷ்காரர் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினார்கள். மகள் என்னோடு இருந்தாள். "நீங்களும் போகலாம்தானே? உங்களுக்கும் துடக்குத்தானே?" என்றாள், இந்தத் தடவை தமிழில்.  உள்ளே மேளம் கேட்டது, பிறகு நீளமான ஏதோ ஊதுகுழல், பசு கத்துவதுபோல. யாரோ ஒரு கிழவி எனக்கு உப்புப் போட்ட தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அதற்குள் வெண்ணெயும் இருந்தது. தேத்தண்ணீருக்கு இப்படிச் செய்யலாமா? குடித்தேன், வேறு வழியில்லை, குளிர்.

ஒரு வாசலுக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே போனவர் வருவாரா என்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமான வேலை. முகாம் வாசலில் இருந்ததுபோல இங்கேயும் கண்ணை மூடிய ஒருவர் இருந்தார், உள்ளே. நேரம் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் கடந்தது. வெளியே வந்த இளம் பிக்கு ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அசைக்கவில்லை. எதற்கு அசைக்கவேண்டும்?

அவள் வந்தாள். முகம் புகையில் கறுத்திருந்தது. விரலெல்லாம் வெண்ணெய். சப்பாத்தைக் குனிந்து போட முடியாமல் காலை நீட்டினாள். மகள் போட்டுவிட்டாள்.

"மெய்தான், கால் வெளியிலைதான் வைச்சிருக்கிறா. பெருவிரல் தேஞ்சு போச்சு. எல்லாரும் தொட்டுத் தொட்டு."

"நீரும் தொட்டனீரோ?"

"ஓம்."

"வேறை என்ன?"

"விளக்கு வைச்சன். நூற்றெட்டாம். நீங்கள் வந்திருந்தால் எண்ணிப் பாத்திருப்பியள்."

"எந்தப் பேர் குடுத்தனீர்?"

"கேட்டால் கத்துவியள்."

"சொல்லும்."

"உங்கடை அண்ணையின்ரை."

நான் கத்தினேன். ஒளிக்கவில்லை, அந்த மலை முழுவதும் கேட்கக் கத்தினேன். அவர் செத்துவிட்டார் என்று உமக்கு யார் சொன்னது? உடம்பைக் கண்டீரா? ஒரு கடிதம் வந்ததா? எந்த அதிகாரத்தில் கொடுத்தீர்? அதுவும் எங்கே கொண்டுபோய்? எவருடைய காலடியில்? இத்தனை வருடமாக ஊரில் ஒருவருக்கும் நான் அவருடைய பெயரை இறந்தவர் என்று எழுத விடவில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள் என்றார்கள். வாங்கவில்லை. கூட்டிக்கொண்டு போனவர்கள் வந்து சொல்லட்டும், என்ன செய்தோம் என்று. அதுவரை அவர் போனவர், செத்தவர் இல்லை. இதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

அவள் சுவரில் உட்கார்ந்து நான் முடிக்கும் வரை கேட்டாள்.

"ஒருத்தரும் வந்து சொல்லமாட்டினம்" என்றாள். "அதுதான் நான் சொன்னன். மாமி சாகேக்கை என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவ, பெரியவனுக்கு ஒரு விளக்காவது வைக்கச் சொல்லி. உங்களிட்டைக் கேக்கப் பயம் அவவுக்கு."

என் அம்மா இதை என்னிடம் கேட்கவில்லை. அவளிடம் கேட்டிருக்கிறார். அதையும் நான் ஒரு மலையில், பல்லுக்குள் உப்புத் தேத்தண்ணீரோடு, இத்தனை வருடம் கழித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த, என்னைப் பௌத்தர் ஆக்கிய அந்த மனிதர் மறுபடி மேலே ஏறி வந்து, இந்த இடத்தின் அமைதியைக் கெடுக்கவேண்டாம் என்று பணிவாகக் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். எனக்கு டெனிஷ் தெரியும் என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

திரும்பிய வழி முழுவதும் நான் மனைவியோடு பேசவில்லை. ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்தும் தேவைக்கு மட்டும் பேசினேன். உப்பு எங்கே, கதவுத் திறப்பு எங்கே, அவ்வளவுதான். வீட்டில் மீன் இல்லை, இறைச்சி இல்லை. ரொறன்ரோத் துடக்கு என்று நினைத்திருந்தேன். அது ஒரு செவ்வாயோடு முடிந்தது. அன்று மாலையே எஸ்பியர்க்கில் இருக்கும் எங்கள் நண்பரின் மனைவி தொலைபேசி எடுத்தார். மறுநாள் கோயிலில் திருவிழா, காரில் இடமிருக்கிறது, வாறியளோ என்று கேட்டார். மனைவி சொன்னதைச் சமையலறையில் இருந்து கேட்டேன்.

"இல்லையக்கா, எங்களுக்கு இன்னும் துடக்கு. ஓம், அது முடிஞ்சுது. இது வேறை ஆள். இவற்றை அண்ணை."

தொலைபேசியில் அந்தப் பக்கம் அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். மனைவி, "ஓம் அக்கா, ஓம்" என்றாள். வைத்துவிட்டு வந்து அடுப்பில் பருப்பைக் கிண்டினாள்.

"வெள்ளிக்கிழமை முப்பத்தொண்டு. வீட்டோடை சின்னனாச் செய்வம். ஐயருக்குச் சொல்லோணும்" என்றாள், எனக்கா பருப்புக்கா என்று தெரியாதபடி.

நான் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் பிழையான கணக்கை ஒரு மனிதன் எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம்?

"வெள்ளி இல்லை. வியாழன். விளக்கு வைச்ச செவ்வாயையும் சேர்த்து எண்ணோணும்."

அவள் திரும்பவில்லை. இத்தனை மரணங்களுக்கு நாள் எண்ணியவள், இதில் ஒருநாளும் பிழை விட்டதில்லை. இந்தத் தடவை எப்படி விட்டாள் என்று பிறகு யோசித்தபோது எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

"அப்ப வியாழன் எண்டு ஐயருக்குச் சொல்லட்டோ?"

"நான் கணக்கைத்தான் சொன்னனான். ஓம் எண்டு சொல்லேல்லை."

"சரி. எத்தினை இலை எடுக்கிறது?"

மகள், மருமகன், பிள்ளைகள் இரண்டு. எஸ்பியர்க்கில் இருந்து இரண்டு பேர். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் விடமுடியாது, அவருடைய மனைவியும் வருவார். ஐயர். நாங்கள் இருவர். மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

"பன்னிரண்டு" என்றேன்.

அவள் விரல் மடித்து எண்ணினாள். "பதினொண்டெல்லே வருது?"

"படையலுக்கு ஒண்டு வேண்டாமே?"

அவள் அடுப்பை அணைத்தாள். நான், இங்கே வாழையிலை பெட்டியில் உறைந்துதான் வருகிறது, விரிக்கும்போது பாதி கிழிந்துவிடும், ஆகவே பதினைந்தாக எடுக்கவேண்டும், முதல் நாளே வெளியே எடுத்து வைக்கவேண்டும் என்று சொன்னேன். போனதடவை செய்ததுபோல வெந்நீரில் போட்டுக் கறுக்கவைக்கக்கூடாது என்றும் சொன்னேன்.